குளவி அறைக்குப் பிறகு

படிக்கட்டு ஒட்டவில்லை என்பதை அவள் மூன்றாம் படியில்தான் கவனித்தாள்.

வெயில் காலம் தொடங்கிவிட்டால் வாசலில் நிற்கும் பெரிய மரத்தின் ஒவ்வொரு இலைக்கடியிலும் அசுவினிகள் பச்சைப் பசேலென்று அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியதில் பாதியை இனிப்பு நீராகப் பின்பக்கம் சொட்டவிடும். அந்தச் சொட்டு படியிலும் கைப்பிடியிலும் நிறுத்தி வைத்த வண்டியிலும் காயப்போட்ட துணியிலும் படிந்து, செருப்பை அடிக்கு அடி சர்க், சர்க் என்று பிடித்து இழுக்கும். ஆறு வருடமாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இரண்டாம் மாடி ஏறியவள் அவள். "உன் சொந்தக்காரங்களைத் திட்டாதே" என்பான் கணவன். அவள் வேலை பார்ப்பதும் அசுவினிகளோடுதான்.

இன்றைக்குச் சத்தமில்லை. படி காய்ந்து வெளுத்துக் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஜன்னலுக்குப் போனாள்.

மரத்தின் ஒரு கிளை அவர்கள் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு நிற்கும். கையை நீட்டி ஓர் இலையைத் திருப்பினாள். பச்சை ஒன்றுகூட இல்லை. இலை முழுக்கப் பழுப்பு உருண்டைகள். காய்ந்த காகிதம் போன்ற தோல், காற்றடித்தது போல ஊதிய உடம்பு, இலையோடு ஒட்டிப்போன ஆறு கால்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் காம்பஸ் வைத்து வெட்டியது போல் ஒரு வட்ட ஓட்டை. சிலவற்றில் மூடி இன்னும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வேலை பார்க்கும் பண்ணை குளவி வளர்க்கும் பண்ணை. சுவரில் மண் கூடு கட்டும் குளவி அல்ல. இமை முடி நீளம்கூட இல்லாத சின்னக் குளவி. அது அசுவினியைக் குத்தி உள்ளே ஒரே ஒரு முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு அசுவினியை உள்ளிருந்து தின்னும், உயிர் போகாத இடங்களை முதலில், உயிர் போகும் இடங்களைக் கடைசியில். எட்டாம் நாள் தோல் காய்ந்து ஊதி நிற்கும். பண்ணையில் அதைக் 'கூடு' என்பார்கள். பதின்மூன்றாம் நாள் வட்டமாக மூடியை அறுத்துக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். கூடுகளை அட்டையில் ஒட்டிப் பழத்தோட்டங்களுக்கு அனுப்புவார்கள்; மருந்தடிக்காமல் அசுவினி ஒழியும்.

பண்ணைக் கூடு கடுகளவு இருக்கும். ஜன்னல் கிளையில் இருந்தவை மிளகளவு. அடுத்த இலையில் ஒரு கம்பளிப்பூச்சி, அதுவும் ஊதி, அதுவும் ஓட்டையோடு. கம்பளிப்பூச்சியை இந்தக் குளவி தொடாது. தொட்டதே இல்லை.

ஓட்டை விழாத கூடு ஒன்று இருந்தது. யோசிக்காமலே கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். நசுங்கியதில் வெள்ளைக் கூழ் விரலெல்லாம் வழிந்தது. பண்ணையில் அவளுக்கு 'நகம்' என்றே பெயர். அசுவினி வளரும் சுத்த அறையில் ஒரு கூடு தெரிந்தாலும் குளவி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அது திறக்கும் முன்னால் நசுக்க வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு அறுபது நசுக்குவாள், பேசிக்கொண்டே.

கணவன் வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மின்கம்பியில் இடிக்கும் கிளைகளை வெட்டும் வேலை அவனுக்கு. இடுப்புவாரும் கயிறும் கைரம்பமும் தோளில் தொங்க, மரத்தூள் வாசனையோடு நுழைந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே பின்கழுத்தைச் சொறிந்தான்.

"எதோ கடிச்சிருச்சு. உன் ஆளுங்கதான்னு நினைக்கிறேன்."

"எங்க, காட்டுங்க."

முடி முடியும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி. சுற்றிச் சிவப்பில்லை, வீக்கமில்லை.

"வலிக்குதா?"

"நீ தொட்டா வலிக்கல," என்று சிரித்தான். "நகத்தை மட்டும் வைச்சிராதே தாயே."

அவளும் சிரித்தாள். அது திங்கட்கிழமை.

புதன்கிழமை அவன் மூன்று வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் தின்றான். தின்றுவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனால் அள்ளினான். "என்னங்க, வயித்துல ஏதாச்சும் வளர்க்கிறீங்களா?" என்று கேலி செய்தவளுக்கு, கேட்டு முடித்த பிறகு தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை காலை கீழ்வீட்டு அக்கா அலறினாள். பதினைந்து நாளாகக் காணாமல்போன பூனை கிடைத்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில், தலைக்கு மேலே, சிமெண்டில் நான்கு காலும் ஒட்டிக்கொண்டு தலைகீழாக இருந்தது. முடியெல்லாம் உதிர்ந்து, பழுப்பாக, பானை போல் ஊதி, விலாவில் ஒரு வட்ட ஓட்டையோடு. விளிம்பு காய்ந்திருந்தது, திறந்து சில நாள் ஆகியிருக்கும். ஓட்டைக்குள் விரல் விட்டால் நான்கு விரலும் போகும்.

"எந்தப் பாவி இப்படிப் பண்ணான்? பாரும்மா, பஞ்சை அடைச்சு வைச்ச மாதிரி இருக்கு," என்று அக்கா அழுதாள்.

உள்ளே பஞ்சுகூட இல்லை. அவள் துடைப்பக் கட்டையால் ஒரு தட்டு தட்டினாள். காலி டப்பாவின் சத்தம் கேட்டது. இன்னொரு தட்டில் பூனை உடைந்து, ஓடு ஓடாக அவர்கள் இருவர் தலையிலும் கொட்டியது. உலர்ந்த காகிதத்தோடு ஏதோ இனிப்பு கலந்த வாசனை. அந்த வாசனையை அவள் தினமும் பண்ணைக் கோட்டில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறாள்.

பூனையைக் குத்தியது ஒன்று. பூனையிலிருந்து வந்தது அதைவிடப் பெரியது. அது எங்கே போயிற்று?

அன்றைக்கே அவனை மருத்துவரிடம் இழுத்துப்போனாள். மருத்துவர் கழுத்தைப் பார்த்தார். "பூச்சிக்கடி. அலர்ஜி. களிம்பு தர்றேன்."

"வயித்தை ஸ்கேன் எடுத்துப் பாருங்க டாக்டர்."

"எதுக்கு? நல்லாப் பசிக்குதுன்னு சொல்றாரு. பசிக்கிறது ஒரு வியாதியாம்மா?"

கணவனும் அவரோடு சேர்ந்து சிரித்தான். இரண்டு ஆண்களும் சிரித்ததில் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. களிம்பை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பண்ணையை நடத்தும் மேடத்துக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மேடம் திங்கட்கிழமையிலிருந்தே வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். பண்ணையின் குளவிகளைப் பற்றி மேடத்துக்குத் தெரியாதது இல்லை. வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை கூடுகளை மேசையில் கொட்டி, பெரிதாக இருப்பதை மட்டும் அடுத்த தலைமுறைக்கு ஒதுக்கச் சொல்வது அவர்தான். "பெருசுதான் நல்லாப் பறக்கும், நல்லாத் தேடும்." பதினோரு வருடம், வாரா வாரம், பெரியதிலும் பெரியதை அவள் கையாலேயே பொறுக்கி வைத்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். இரண்டு முறை கழுவினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் படுத்து அவன் வயிற்றில் காதை வைத்தாள். ஜன்னலில் கிளை உரசும் சத்தம், மின்விசிறியின் சத்தம், தெருவில் யாரோ வண்டியை உதைக்கும் சத்தம், இத்தனைக்கும் அடியில் ஒரு சத்தம். மெல்லுகிற சத்தம். ஈரமாக, அவசரமில்லாமல், தட்டில் இருப்பது தீர்ந்துபோகாது என்று தெரிந்தவர் தின்பது போல. காதை அழுத்தினாள். மெல்லுவது நின்றது.

அவன் கால்கள் உதைத்தன. கொத்தாக இருக்கும் அசுவினிகளில் ஒன்றின் மேல் குளவி இறங்கினால் அத்தனையும் ஒரே நேரத்தில் பின்காலை உதறும், அதே உதறல். முதல் உதை அவள் விலாவில். இரண்டாவது வாயில். கட்டிலிலிருந்து சுவரோடு போய் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மேல் கை ஓங்காதவன். எழுந்து பார்த்தால் அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

"என்னங்க... என்னங்க, எந்திரிங்க."

"தூக்கம் வருது நகம்," என்றான் அவன், அன்பாக. "நீ போய்ச் சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை அவன் பேசவில்லை. வியர்க்கவில்லை. தோளைத் தொட்டால் உறை போட்ட புத்தகத்தைத் தொடுவது போல் இருந்தது. அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எப்படியாவது இவனைக் காப்பாற்றிக் கொடு என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்டாள். அவளுக்கு வேறு ஆள் இல்லை. அவனுக்கும் இல்லை. ஒரு முட்டைக்கு ஒரு உடம்பு. உள்ளே போனதை வெளியே எடுக்கும் வழி பண்ணையில் யாருக்கும் தெரியாது, அப்படி ஒரு வழியை யாரும் தேடியதும் இல்லை.

திங்கட்கிழமை காலை கட்டில் காலியாக இருந்தது.

சமையலறை. குளியலறை. மொட்டை மாடி. எங்கும் இல்லை. இடுப்புவாரும் கயிறும் ஆணியில் இல்லை. பழைய வாரும் கைரம்பமும் மட்டும் தொங்கின. குளவிப் புழுவைச் சுமக்கும் அசுவினி கூட்டத்தை விட்டு விலகி, தனியாக, உயரமான இடம் தேடிப் போகும். அவன் மரம் ஏறுகிறவன்.

ஜன்னலுக்கு ஓடினாள். எட்டு அடி தள்ளி, தண்டும் பெரிய கிளையும் பிரியும் இடத்தில், தன்னைத் தானே கயிற்றால் கட்டிக்கொண்டு, தண்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான். முதுகு இந்தப் பக்கம். சட்டை கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்த உடம்புக்கு அந்தச் சட்டை போதவில்லை.

கைபேசி அடித்தது. மேடம்.

"மேடம், நாலு நாளா போன் அடிக்கிறேன்! என் வீட்டுக்காரரை..."

"தெரியும்." குரல் மெலிதாக, காய்ந்த இலை நொறுங்குவது போல் இருந்தது. "வரிசையை மாத்துனியா?"

"இல்ல மேடம். முதல்ல செடி அறை, அப்புறம் அசுவினி அறை, கடைசியாக் குளவி அறை. ஒரு நாள்கூட மாத்தல. குளவி அறைக்கு அப்புறம் எங்கயும் நிக்கல. நேரா வீட்டுக்கு."

சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கும் விதி அது. சுத்த அறைக்கு முதலில் போ, குளவி அறைக்குக் கடைசியில் போ. போய்விட்டு வந்த உடுப்போடு திரும்பி எந்த அறைக்கும் போகாதே. அசுவினிகளைக் காப்பாற்ற எழுதிய விதி. பதினோரு வருடம் அசுவினிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை.

"நானும் அதான் பண்ணேன்," என்றார் மேடம். "எல்லாரும் அதான் பண்ணோம். நேரா வீட்டுக்குத்தான்."

பிறகு கைபேசி விழும் சத்தம். பிறகு, தூரத்தில், எதையோ வட்டமாக அறுக்கும் சத்தம்.

அவள் பழைய வாரை இடுப்பில் மாட்டினாள். கொக்கியைக் கிளையில் போட்டு, கைரம்பத்தை வாயில் கவ்விக்கொண்டு ஜன்னல் விளிம்பில் ஏறினாள். எட்டாம் நாள். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் திறந்தால் புழுவாகத்தான் இருக்கும், புழுவை நசுக்கலாம். அவன் மிச்சம் இருப்பானா? இருக்கமாட்டான். கொஞ்சமாவது? பண்ணையில் ஒரு கூட்டைக்கூட அந்தக் கேள்வியோடு அவள் பிளந்ததில்லை.

கிளை ஆடியது. நகர்ந்தாள். பட்டை தொடையைக் கிழித்தது. கீழே இரண்டு மாடி ஆழத்தில் தெரு வெயிலில் கிடந்தது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஒரு வண்டி போயிற்று, எல்லாம் நேற்றைப் போலவே நடந்துகொண்டிருந்தது.

அவன் முகத்தைப் பார்த்தாள்.

பார்த்திருக்கக் கூடாது. கன்னம் இழுத்துக்கட்டிய பறைத்தோல் போல மின்னியது. விரல்கள் தண்டோடு வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தன. கண்கள் திறந்திருந்தன, உலர்ந்து, தூசி படிந்து.

"என்னங்க."

உதடு அசைந்தது. "நகம்" என்று கேட்டது. உள்ளிருந்து வந்த காற்றாகவும் இருக்கலாம்.

"மன்னிச்சிருங்க. என்னை மன்னிச்சிருங்க."

ரம்பத்தைத் தோளெலும்புக்குக் கீழே வைத்து இழுத்தாள். தூள் கொட்டியது. மரத்தூள் போலவே பழுப்பாக. ரத்தம் வரவில்லை. ரத்தம் வரவே இல்லை என்பதுதான் அவளை உடைத்தது. கத்திக்கொண்டே இழுத்தாள், அழுதுகொண்டே இழுத்தாள், பல் பல்லாக உள்ளே இறங்கியது. விலா ஒன்று முறிந்தது. மஞ்சள் நீர் மணிக்கட்டில் வழிந்தது. இன்னொரு விலா. பிளவில் கையை விட்டாள். புழுவைத் தேடினாள். குளிர்ந்த, மெத்தென்ற புழு. நகத்தை வைக்க ஓர் இடம்.

கைக்குக் கிடைத்தது கடினமாக இருந்தது. மடிந்த கால்கள். பளபளப்பான முதுகு.

வெயில். வெயிலில் எல்லாம் சீக்கிரம் முதிரும். இவ்வளவு பெரிதாக வளர்த்தவர்கள் அதன் நாள் கணக்கையும் மாற்றிவிட்டிருந்தார்கள்.

அவன் முதுகில் ஒரு கோடு தோன்றியது. வளைந்தது. வட்டமாயிற்று. உள்ளிருந்து இரண்டு தாடைகள், நறுக், நறுக், நறுக். மூடி விழுந்து கிளை கிளையாகத் தட்டிக்கொண்டு தெருவுக்குப் போயிற்று.

கருப்புத் தலை. பிறகு உணர்கொம்புகள், ஈரமாக, ஒட்டிப் பிறந்தவை பிரிவது போல ஒன்றிலிருந்து ஒன்று விலகின. அவள் ரம்பத்தை ஓங்கி அடித்தாள். ஒரு கால் தெறித்தது. மறுபடி அடித்தாள். ரம்பம் அவன் தலையில் பட்டுத் தலை காலி மண்பானையாக உடைந்தது. அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுடையதாக இல்லை. ரம்பம் கைநழுவி விழுந்தது. குளவி வெளியே வந்துவிட்டது. முழங்கை நீளம். இறக்கையை ஒரு முறை உதறியது. அவள் பின்னால் நகரப் பார்த்தாள். கொக்கி கிளைக்கணுவில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை.

அது அவள் தோளில் ஏறியது.

பாரம். ஆறு கால்களின் பாரம், இல்லை, ஐந்து. கூந்தலை ஒதுக்கியது. கழுத்தில் உணர்கொம்பால் தட்டியது. தட், தட். தட், தட். அடிவயிறு மடிந்து முன்னால் வளைவது முதுகில் தெரிந்தது. ஊசியின் முனை தோலில் பட்டது. அவள் கண்ணை மூடினாள்.

குத்தவில்லை.

மறுபடி தட்டியது, மெதுவாக, சந்தேகம் தீர்த்துக்கொள்வது போல. குளவி எப்போது தட்டிப் பார்த்துவிட்டுக் குத்தாமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்த காட்சி. ஒரு முட்டைக்கு ஒரு உடம்பு. ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் உடம்பை அது தொடாது.

ஊசி விலகியது.

"இல்ல," என்றாள். "இல்ல. இல்ல. குத்து."

அது தோளிலிருந்து இறங்கிக் கிளையில் உட்கார்ந்தது. முன்கால்களால் உணர்கொம்பைத் துடைத்தது.

"குத்து! இங்க பாரு, இங்க!" கூந்தலை வாரிப் பிடித்துக் கழுத்தைக் காட்டினாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தில் வைத்து அழுத்தினாள். இறக்கை விரல்களைக் கிழித்தது. "ஒரு தடவை குத்திட்டுப் போயேன்!"

தட், தட்.

அது அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு எழும்பியது. கீழே முதல் மாடியில் ஜன்னல் திரையை விலக்கி, கீழ்வீட்டு அக்கா தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

"என்னம்மா அங்க சத்தம்? யாரைக் குத்தச் சொல்ற?"

திறந்த ஜன்னலை நோக்கி அது நேராக இறங்கியது. அவள் கிளையில் தொங்கியபடி, கழுத்தைத் திறந்து காட்டிக்கொண்டு, அதைத் தன்னிடம் வரச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள்.